சும்மா கிடக்கும் பிளக் பாயிண்டை அணைத்து வைக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டு வயரிங் வேலைக்குப் போகும்போது, வேலை முடிந்து கருவிப் பையைக் கட்டும் நேரத்தில், வீட்டில் யாராவது ஒருவர் சுவிட்சுகளைப் பற்றிய ஒரு சந்தேகத்தை எடுத்துவிடுவார். ஆண்டுக்கணக்காக ஏறத்தாழ இதே கேள்விகள்தாம். அவசரத்தில் நான் சொன்ன அரைகுறைப் பதில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு இன்னொரு வீட்டில் அறிவுரையாகத் திரும்பி வந்ததையும் கேட்டிருக்கிறேன். அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை நிதானமாக எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, பிளக்கே மாட்டாம சுவிட்ச மட்டும் போட்டு வெச்சிருந்தா மீட்டர் ஓடுமா?

ஓடாது. மின்சாரம் பாய்வதற்கு முழுமையான ஒரு சுற்று வேண்டும். பேஸ் கம்பி வழியாக வந்து, ஒரு கருவிக்குள் புகுந்து, நியூட்ரல் கம்பி வழியாக அது திரும்ப வேண்டும். காலியான பிளக் பாயிண்டில் அந்த இரண்டு துளைகளுக்கும் நடுவே காற்றையும் பிளாஸ்டிக்கையும் தவிர ஒன்றுமில்லை. 230 வோல்ட் அழுத்தம் துளைக்குள் காத்து நிற்கிறது, ஆனால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லாதபோது மீட்டர் எண்ணுவதற்கும் எதுவும் இல்லை.

குழாயைத் திறந்து வைத்தால் வாளி இல்லாவிட்டாலும் தண்ணீர் கொட்டும் என்பதை நாம் தினமும் பார்ப்பதால், சுவிட்சைப் போட்டு வைத்தால் மின்சாரமும் துளை வழியாக ஒழுகிக்கொண்டிருக்கும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. மின்சாரம் அப்படி ஒழுகாது. ஆகவே யூனிட் கணக்கை மட்டும் பார்த்தால், காலியான பாயிண்டின் சுவிட்சை அணைப்பதால் ஒரு காசும் மிச்சமில்லை. பாதுகாப்புக் கணக்கு வேறு. அது பின்னால் வருகிறது.

எங்க சுவிட்சு போர்டுல சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியுதே, அது கரண்ட் தின்னாதா?

தின்னும், ஆனால் மிகவும் குறைவு. அது பெரும்பாலும் ஒரு சிறிய நியான் குமிழாக இருக்கும். கால் வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். இரவு பகலாக எரிந்தாலும் இரண்டு மாதக் கணக்கில் அரை யூனிட்டைத் தொடாது. கரண்ட் வந்துவிட்டதா என்று இருட்டில் காட்டுவதற்கு அது உதவுகிறது, இருக்கட்டும்.

அமெரிக்காவுல மவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க பிளக்குல சுவிட்சே இல்ல. அவங்களுக்குக் கரண்ட் வீணாகாதா, தம்பி?

சேரன்மகாதேவியில் ஓர் ஆச்சி கேட்டது இது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை ஆச்சி தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். அங்கே வீட்டுச் சுவரில் உள்ள பெரும்பாலான பாயிண்டுகளுக்குச் சுவிட்சு கிடையாது. அவை எப்போதும் 120 வோல்ட்டில்தான் நிற்கின்றன. காலித் துளை மின்சாரத்தைத் தின்பதாக இருந்தால் அந்த நாட்டில் ஒரு வீட்டுக்காரரும் அதைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நம் நாட்டில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவுகளில் வரும் உருண்டைக் குச்சி பிளக்குகள் பழைய பிரிட்டிஷ் அமைப்பின் வழிவந்தவை. ஒவ்வொரு பாயிண்டுக்கும் பக்கத்தில் ஒரு சுவிட்சு வைப்பது இங்கே வழக்கமாகி நிலைத்துவிட்டது. 230 வோல்ட்டில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு துளை இருக்கும்போது அதன் அருகே ஒரு சுவிட்சு இருப்பது நல்ல வழக்கம் என்பதே என் எண்ணம், அது யூனிட்டை மிச்சப்படுத்தாவிட்டாலும்.

அப்ப செல் சார்ஜர மாட்டியே வெச்சிருக்கலாமா? போன் இல்லாதப்ப கூட அது கரண்ட் இழுக்கும்னு சொல்லுதாங்களே?

பிளக் மாட்டியவுடன் கணக்கு மாறிவிடுகிறது, ஏனெனில் இப்போது சுற்று முழுமையாகிவிட்டது. சார்ஜருக்குள் இருக்கும் சிறு சுற்று, போன் இல்லாவிட்டாலும் விழித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இன்று வரும் தரமான சார்ஜர்கள் அந்த நிலையில் எடுப்பது ஏறத்தாழ 0.1 வாட். இரண்டு மாதமும் மாட்டியே வைத்தாலும் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குதான் ஆகும். பழைய கனமான அடாப்டர்கள் வேறு வகை. அவற்றுள் இருக்கும் மின்மாற்றி ஓரிரு வாட் வரை எடுக்கும். தொட்டுப் பாருங்கள்: ஒன்றும் இணைக்காத நிலையிலும் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த வெப்பத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

சார்ஜரை அணைக்கச் சொல்வதற்கு எனக்கு வலுவான காரணம் வேறு. மிக மலிவான, பெயரில்லாத சார்ஜர்களில் 230 வோல்ட் பக்கத்தையும் போனுக்குப் போகும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் தடுப்பு மோசமாக இருக்கும். தரையில் தொங்கும் அந்தக் கம்பியின் நுனியைத் தவழும் குழந்தை வாயில் வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு காரணம் போதும், வேலை முடிந்ததும் சார்ஜரை எடுத்துவிடுவதற்கு.

டிவிய ரிமோட்டுல அணைச்சாலே போதாதா? ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயி சுவிட்ச அணைக்கணுமா?

ரிமோட்டில் அணைத்த டிவி முழுவதுமாக அணைவதில்லை. ரிமோட்டின் அடுத்த கட்டளைக்காக ஒரு பகுதி காத்திருக்கும். முன்பு இந்தக் காத்திருப்புக்கே பல கருவிகள் பல வாட் எடுத்தன. எந்தக் கருவியும் காத்திருப்பில் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. அதன் பிறகு தயாரிப்புகள் படிப்படியாகத் திருந்தின. இன்றைய டிவி பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான் எடுக்கிறது. டிவியைப் பற்றிச் சொல்லப்படும் பயங்கரக் கணக்குகள் பல, பழைய பெட்டிகளின் காலத்தவை.

டிவிக்குக் கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ்தான் கவனிக்க வேண்டியது. ரிமோட்டில் அணைத்தால் அதன் விளக்கு நிறம் மாறுமே தவிர, பல பெட்டிகளில் உள்வேலை ஏறத்தாழ முன்போலவே நடந்துகொண்டிருக்கும். அது 10 வாட் எடுக்கிறது என்றும், நாளில் 18 மணி நேரம் யாரும் பார்ப்பதில்லை என்றும் வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் 10.8 யூனிட் வீணாகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் சேமிப்புகளில் சாதாரண வீட்டுக்கு மிக எளிதாகக் கிடைப்பது இதுதான். டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் மூன்றையும் சுவிட்சு உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, படுக்கப் போகும்போது அந்த ஒரு சுவிட்சை அணைத்துவிடுங்கள். காலையில் பெட்டி தயாராக ஓரிரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான் தொந்தரவு.

பத்து யூனிட்டுனா என்ன பெரிய காசு? இதுக்குப் போயி இவ்வளவு பாடா?

எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்கள் பலரின் வீடுகளில் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு டிவி என்று கணக்கு நூறை ஒட்டியே நிற்கும். அங்கே செட்டாப் பாக்ஸின் அந்தப் பத்து யூனிட்தான் பில் வருமா, வராதா என்பதை முடிவு செய்கிறது.

மறுமுனையில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகள். இதை எழுதும்போது உள்ள கட்டண முறைப்படி, 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த மலிவு விகிதமும் போய்விடுகிறது. 495 வரும் வீட்டுக்கும் 505 வரும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து யூனிட்டின் விலையைவிடப் பல மடங்கு என்பதை உங்கள் பழைய பில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் புரியும். இந்த இரண்டு எல்லைகளிலிருந்தும் விலகி, 300 யூனிட் அளவில் இருக்கும் வீட்டுக்கு இது சிறு தொகைதான்; மறைக்க விரும்பவில்லை.

எங்க வீட்டுல எது சும்மா கரண்ட் தின்னுதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்க?

உங்கள் மீட்டரே சொல்லிவிடும். எலெக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் விட்டுவிட்டு மின்னும் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக 3200 என்று இருந்தால், 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். இரவில் விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நீங்கள் சந்தேகப்படும் கருவிகளை மட்டும் ரிமோட்டில் அணைத்த நிலையில் விட்டு, கையில் கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நில்லுங்கள்.

3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒருமுறை மின்னினால் அந்தக் கருவிகள் சேர்ந்து 19 வாட் அளவுக்கு எடுக்கின்றன. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் அதில் பாதி. பிறகு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் உருவிய பிறகும் விளக்கு தொடர்ந்து மின்னினால், வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது மொட்டை மாடியிலோ கொல்லையிலோ நீங்கள் மறந்த ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது வயர்மேனை அழைக்க வேண்டும்.

ராத்திரி பிரிட்ஜ அணைச்சு வெச்சா மிச்சமாகும்னு எங்க மயினி சொல்லுதாவ. சரிதானா?

வேண்டாம். அணைத்திருக்கும் நேரத்தில் உள்ளே புகும் வெப்பத்தைக் காலையில் கம்ப்ரஸர் சேர்த்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மிச்சம் மிகச் சொற்பம், நம் ஊர் வெக்கையில் பாலும் மீனும் கெடுவதுதான் உறுதி. ஏசிக்கு வேறு பதில்: அதனுடன் இருக்கும் ஸ்டெபிலைசருக்குள் ஒரு மின்மாற்றி இருப்பதால், ஏசி ஓடாதபோதும் அது சிறிது எடுத்துக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் அணைத்து, காற்றாடி நின்ற பிறகு, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். மழைக்காலம் முழுக்க ஏசியைத் தொடாதவர்கள் இதைக் கட்டாயம் செய்யலாம்.

சுவிட்ச அணைக்காம பிளக்க உருவுனா 'டப்'புனு பொறி வருது. அதனால கெடுதல் உண்டா?

உண்டு. கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை உருவினால், ஓட்டம் அறுபடும் கணத்தில் குச்சிக்கும் உள்ளிருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே காற்றில் பொறி பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் தகட்டைச் சிறிது அரித்துவிடும். அரித்த இடம் சரியாகப் பொருந்தாமல் போகும். சுவிட்சுக்குள்ளும் பொறி வரும், ஆனால் அது வேகமாகப் பிரிவதற்கென்றே வில் வைத்துச் செய்யப்பட்டது. பிளக் அப்படி அன்று. ஆகவே முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகு பிளக்கை உருவுங்கள். மாட்டும்போது முதலில் பிளக், பிறகு சுவிட்சு. கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள்.

அயர்ன் பாக்ஸ் மாட்டுற பாயிண்டு கருத்துப் போயிருக்கு. சுவிட்ச அணைச்சு வெச்சா போதுமா?

போதாது, அந்தப் பாயிண்டை மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள். வீடுகளில் நான் பார்த்த கருகல்களில் பெரும்பாலானவை லூஸ் கனெக்‌ஷனால் வந்தவை. முந்தைய பதிலில் சொன்ன அரிப்பாலோ, பின்பக்கத் திருகு தளர்ந்ததாலோ, தொடும் இடத்தில் சிறிய தடை உருவாகிறது. 2000 வாட் கெய்சர் 8.7 ஆம்பியர் எடுக்கும். தொடும் இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே அந்தப் புள்ளியில் 38 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்க்கும் கடையில் ஈயத்தை உருக்கும் சாலிடரிங் இரும்பு 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் வைத்து மூடியிருக்கிறோம்.

'எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்சு) இருக்கிறதே, அது விழுந்துவிடாதா' என்று கேட்பார்கள். விழாது. ஓட்டம் அதே 8.7 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம், மஞ்சளித்த முகப்பு, உருவிய உடன் கை சுடும் பிளக் குச்சி ஆகிய மூன்றும்தான் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

பயன்பாடு முடிந்ததும் சுவிட்சை அணைப்பது இங்கே உண்மையாகவே உதவுகிறது. ஓட்டம் இல்லையென்றால் லூஸான இடமும் சூடாகாது. கெய்சரோ ஹீட்டரோ ஆள் இல்லாத நேரத்தில் தானாக ஓடி அந்த இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்காது. அயர்ன் பாக்ஸ், கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் ராடு ஆகிய நான்கையும் அணைக்க மறக்கக் கூடாது. ராடைத் தண்ணீரிலிருந்து எடுப்பதற்கு முன்னும், வாளியைத் தொடுவதற்கு முன்னும் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவ வேண்டும்.

சின்னப் பிள்ளைங்க இருக்க வீட்டுல காலியான பாயிண்ட அணைச்சு வெக்கணுமா?

வைக்க வேண்டும். காலியான பாயிண்டின் சுவிட்சு வேலை செய்யும் இடம் இதுதான். புது வீடுகளில் அழகுக்காகத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பாயிண்ட் வைக்கிறார்கள். தவழும் குழந்தையின் கண்ணுக்கு நேரே இரண்டு துளைகள். ஊக்கு, ஹேர்பின், சாவி எது கையில் கிடைத்தாலும் உள்ளே போகும். சுவிட்சு அணைந்திருந்தால் பேஸ் துளையில் மின்சாரம் இல்லை.

ஆனால் அதே குழந்தை இரண்டு வயதில் சுவிட்சையும் போடக் கற்றுக்கொள்ளும். ஆகவே சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே மூடி வைத்த பாயிண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நீளமான எர்த் குச்சி உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். வாடகை வீடாக இருந்து மாற்ற முடியாவிட்டால், துளையை அடைக்கும் பிளாஸ்டிக் மூடிகள் மின்சாதனக் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

சுவிட்சு அணைஞ்சுதான் இருந்துச்சு. இருந்தும் ஷாக் அடிச்சுதே, எப்படி?

பழைய வீடுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். வயரிங் செய்தவர் அதை நியூட்ரலில் வைத்துவிட்டால் கருவி நிற்கும், விளக்கு அணையும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் துளையில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு கை வைப்பவருக்குத்தான் அடி விழுகிறது. பிற்காலத்தில் யாரோ ஒருவர் மெயினில் கம்பிகளை மாற்றிப் போட்டாலும் வீடு முழுக்க இதே நிலை வரும்.

எர்த் துளை மேலே இருக்கும்படி பாயிண்டை நேரே நின்று பார்த்தால், உங்கள் வலப்பக்கத் துளை பேஸ். செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த கையால், முதலில் நன்றாக வேலை செய்யும் ஒரு பாயிண்டில் டெஸ்டரைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவிட்சை அணைத்த பாயிண்டின் துளைகளில் வையுங்கள். சுவிட்சு அணைந்திருக்கும்போது எந்தத் துளையிலும் டெஸ்டர் பளிச்சென்று எரியக் கூடாது. எரிந்தால் நீங்களே திறந்து பார்க்காமல் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். மிக மங்கலான ஒளி பக்கத்துக் கம்பியின் தூண்டலாலும் வரலாம். அதையும் அவரே அளந்து சொல்லட்டும்.

பிளக் மேல்குச்சி எதுக்கு? ரெண்டு கம்பிய தீக்குச்சி சொருகி மாட்டுனாலே ஓடுதே!

இந்தப் பழக்கத்தைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். மேல்குச்சி எர்த். மோட்டார், கிரைண்டர், வாஷிங்மெஷின் போன்றவற்றின் உலோக உடலில் பேஸ் கம்பி உரசிவிட்டால், அந்த மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகாமல் எர்த் கம்பி வழியாகப் போவதற்கு வழி செய்வது அது. தீக்குச்சியில் நிற்கும் இரண்டு கம்பிகளில் எர்த்தும் இல்லை, பிடிப்பும் இல்லை. முன்பு சொன்ன லூஸ் கனெக்‌ஷன் அதன் உச்ச நிலையில் இருப்பது இங்கேதான்.

எர்த் குழியையும் மறந்துவிடாதீர்கள். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துக் காய்ந்த மண்ணில், கோடையில் எர்த் குழி வறண்டால் அதன் தடை ஏறிவிடும். வாஷிங்மெஷினைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருப்பதாகப் பங்குனி, சித்திரையில்தான் அதிகம் பேர் சொல்வார்கள். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் குழியை அளந்து புதுப்பிக்க வேண்டும்.

எம்சிபி போட்டாச்சு. இன்னும் என்னத்துக்கு ஆர்சிசிபி?

எம்சிபி உங்கள் கம்பியைக் காப்பாற்றுகிறது, ஆளை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபி, ஆறு ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். வீட்டு ஆர்சிசிபியோ, போன ஓட்டத்துக்கும் திரும்பிய ஓட்டத்துக்கும் 30 மில்லியாம்பியர் வேறுபாடு கண்டாலே, அதாவது அந்த ஆறு ஆம்பியரில் இருநூறில் ஒரு பங்கிலேயே, இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த வேறுபாடு ஒரு மனித உடல் வழியாகப் போய்க்கொண்டிருப்பதாக இருக்கலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது காவலுக்கு இல்லை.

இடி மின்னல் வரும்போது சுவிட்ச எல்லாம் அணைச்சிடுதோம். போதும்ல?

போதாது, பிளக்கை உருவ வேண்டும். சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். வானத்தில் கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வந்த மின்னலுக்கு அது ஒரு தடையே அன்று. மேலும், சுவிட்சு பேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் கருவியோடு இணைந்தேதான் இருக்கிறது. கம்பத்து வயரில் விழும் அதிர்வு நியூட்ரல் வழியாகவும் வரும். டிவிக்குக் கேபிள் கம்பி, மோடத்துக்கு இணையக் கம்பி என்று தனி வழிகளும் உண்டு. அவற்றையும் கழற்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும், சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடிமழையிலும் நம் பகுதியில் மின்னல் வழக்கம். மேற்கே மலைப்பக்கம் வானம் இருட்டத் தொடங்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கிய பிறகு பிளக்கையோ கேபிளையோ தொடாதீர்கள்; அந்த நேரத்தில் டிவி போனால் போகட்டும்.

வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப பிளக்கெல்லாம் முங்கிடுச்சு. காய்ஞ்ச பிறகு போட்டா ஆகாதா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லையின் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் புகுந்தது. அதன் பிறகு பல வாரம் நான் செய்த வேலை, மூழ்கிய சுவிட்சுப் பெட்டிகளைத் திறப்பதுதான். வெளியே காய்ந்து சுத்தமாக இருந்த பாயிண்டுகளுக்குள்ளே விரல் கனத்துக்கு வண்டல். அந்த மண் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்துவைக்கும். காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் மீண்டும் மின்சாரம் கடத்தும். பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறி, அங்கேயும் சூடு பிறக்கும். மூழ்கிய பாயிண்ட், சுவிட்சு, எம்சிபி எல்லாவற்றையும் மாற்றுவதுதான் சரி. கம்பிகளை இன்சுலேஷன் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

தண்ணீர் வரும் என்று தெரிந்தவுடன், தரை நனைவதற்கு முன்பே, மெயினை அணையுங்கள். தண்ணீர் ஏற்கெனவே பாயிண்ட் உயரத்தை நெருங்கிவிட்டால், மெயினை அணைக்கிறேன் என்று அதில் இறங்கி நடக்காதீர்கள். வெளியே நின்றபடியே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைத்து, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

கேஸ் வாடை அடிச்சா உடனே சுவிட்செல்லாம் அணைச்சிடணும்லா?

கூடாது. மற்றெல்லா இடத்திலும் 'அணையுங்கள்' என்று சொல்லும் நான், இந்த ஓர் இடத்தில் 'தொடாதீர்கள்' என்று சொல்கிறேன். சுவிட்சுக்குள்ளும் பொறி உண்டு என்று முன்பே சொன்னேன். போடும்போதும் வரும், அணைக்கும்போதும் வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எரியும் விளக்கு எரியட்டும், அணைந்த விளக்கு அணைந்திருக்கட்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 1906 எண்ணுக்கு அழையுங்கள்.

எல்லாப் பிளக் சுவிட்சையும் அணைச்சுட்டேன். இருந்தும் ஆர்சிசிபி விழுந்துக்கிட்டே இருக்கே?

மின்னல் பதிலில் சொன்ன அதே காரணம்தான்: சுவிட்சு நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. ஒரு கருவிக்குள் நியூட்ரல் கம்பி எர்த்தோடு உரசிக்கொண்டிருந்தால், அதன் சுவிட்சு அணைந்திருந்தாலும், வீட்டில் வேறு எங்காவது ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த உரசல் வழியாகத் தரைக்குத் திரும்பும்; ஆர்சிசிபி அதைக் கண்டு விழுந்துவிடும். ஆகவே சுவிட்சை அணைத்துத் தேடாதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் உருவிவிட்டு, ஆர்சிசிபியைப் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஹீட்டர், கிரைண்டர், பழைய பிரிட்ஜ் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சம்.

எல்லாம் உருவிய பிறகும் விழுந்தால் குறை சுவருக்குள் இருக்கிறது. ஓதம் ஏறிய சுவர், வெளிவாசல் விளக்குப் பெட்டிக்குள் புகுந்த மழைத்தண்ணீர், பெட்டிக்குள் கூடுகட்டிய எறும்பு, கம்பிகளுக்கு நடுவே சிக்கிச் செத்த பல்லி என்று எதுவாகவும் இருக்கலாம். அடிக்கடி விழுகிறது என்பதற்காக ஆர்சிசிபியைக் கழற்றி நேர்க் கம்பி போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் செய்து தந்ததில்லை.

ஊருக்குப் போயி ஒரு மாசம் கழிச்சு வருவோம். மெயின அணைச்சுட்டா வீட்டுல எங்கயும் கரண்ட் இருக்காதுல்ல?

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் இருக்காது. பிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைச் சிறிது திறந்து வைத்துவிட்டு மெயினை அணைத்துச் செல்லலாம். ஆனால் இன்வெர்ட்டர் இருந்தால் கதை வேறு. மெயினை அணைத்தவுடன், கரண்ட் போய்விட்டது என்று நினைத்து இன்வெர்ட்டர் தன் வேலையைத் தொடங்கும். அதோடு இணைந்த பாயிண்டுகளில் பேட்டரி தீரும்வரை 230 வோல்ட் இருக்கும். ஒருமுறை, மெயினை அணைத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னதை நம்பி ஒரு போர்டைத் திறந்தேன். டெஸ்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பினேன்.

முதலில் இன்வெர்ட்டரை அதன் முகப்புப் பொத்தானில் அணைத்து, பிறகு அதன் பிளக்கை உருவி, அதன் பின்னரே மெயினை அணையுங்கள். பேட்டரியை ஒரு மாதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் விட்டால் அது கெடும். புறப்படும் முன் முழுமையாக சார்ஜ் ஏற்றி, தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் மெயினைப் போடுவதற்கு முன், போர்டுகளில் கரையானும் ஓதமும் ஏறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.